ஒரு சாண் உயரத்தில் தரை

பாலிக்சி, மார்ச் 4

அண்ணிக்கு,

ஏழு தடவை போன் செய்தேன். மணி அடிக்கிறது, நீங்கள் எடுப்பதில்லை. கெட்டுப்போன போன் என்றால் அடிக்காது, அது எனக்குத் தெரியும். அதனால் காகிதத்துக்கு வந்துவிட்டேன். கோச்கோர் வண்டி ஓட்டும் மக்சத் கையில் கொடுத்து அனுப்புகிறேன். கூடவே இரண்டு காய்ந்த மீனும் இருக்கிறது. கடிதத்தைக் கிழித்துப் போட்டாலும் மீனைச் சாப்பிடுங்கள்.

அக்டோபரில் நடந்ததைப் பற்றி இதில் எழுதப்போவதில்லை. எழுத உட்கார்ந்தேன், வரவில்லை.

விஷயம் இதுதான். நான் வேலை பார்க்கும் மருத்துவமனைக்கு ஊசி போட்டுக்கொள்ள வரும் ஒரு டீச்சரம்மா, போன வருஷம் மாடி ஏற முடியாமல் அழுதவள், இப்போது படியில் ஓடுகிறாள். கேட்டேன். காஜி-சாய் தாண்டி, ஏரிக்கரையில் பழைய தொழிலாளர் ஓய்வில்லம் இருந்த கட்டடத்தில் "துனுக்" என்று ஒரு யோகா இல்லம் திறந்திருக்கிறார்களாம். லரீசா என்று ஒரு பெண் நடத்துகிறாள். ஐந்து நாள் தங்க வேண்டும். ஆளுக்கு ஒரு ஆட்டின் விலை ஆகும். அது நான் கொடுப்பது, அதைப் பற்றிப் பேசாதீர்கள்.

உங்கள் முழங்காலுக்காகச் சொல்கிறேன். வேறு எதற்காகவும் இல்லை.

கோபத்தோடேயே வாருங்கள். அதற்கு மக்சத் தனி டிக்கெட் கேட்கமாட்டான்.

உங்கள் நாத்தனார்

*

கோச்கோர், மார்ச் 9

சைராகுலுக்கு,

இறைவன் பெயரால் தொடங்குகிறேன். மீன் வந்தது. உப்பு அதிகம்.

அக்டோபரைப் பற்றி நீ எழுதவில்லை. நான் எழுதுகிறேன். உன் அண்ணன் இறந்து ஒரு வருஷம் ஆன சாப்பாட்டில், எல்லோரும் தொழ எழுந்த நேரத்தில், நான் என் நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டேன். நீ சமோவார் பக்கத்திலிருந்து சத்தமாகச் சொன்னாய்: "பாருங்கடி, எங்க அண்ணி ராணியாயிட்டாங்க. அல்லாகிட்டயே நாற்காலி போட்டு உக்காந்துதான் பேசுவாங்களாம்!" அப்போது வீட்டுக்குள் இருந்த பெண்கள் இருபத்திரண்டு பேர். சிரித்தவர்கள் ஒன்பது. எண்ணினேன்.

நாத்தனார் அண்ணியைக் கேலி செய்வது நம் வழக்கம். நானும் உன்னை எத்தனையோ செய்திருக்கிறேன். ஆனால் அந்த இடத்தில் கை வைக்கலாமா?

உன் அண்ணன் படுக்கையில் கிடந்த இரண்டு வருஷமும் அவரைத் தூக்கித் தூக்கியே முழங்கால் போனது. அவரை அடக்கம் செய்த அன்று சஜ்தாவில் நெற்றியை வைத்தவள் எழுந்திருக்க முடியவில்லை. இரண்டு பேர் பிடித்துத் தூக்கினார்கள். அதற்குப் பிறகு ஒன்றரை வருஷமாக என் நெற்றி தரையைத் தொடவில்லை. போன நோன்பு முப்பது நாளும் நாற்காலி. தொழுது முடித்து எழும்போது, யாரோ வீட்டு வாசலில் நின்று பேசிவிட்டு, உள்ளே போகாமல் திரும்பி வந்த மாதிரி இருக்கும். வரும் நோன்புக்குள் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நெற்றியை வைத்துவிட வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். படியில் ஓட வேண்டாம்.

நீ சொன்ன இடத்துக்கு வருகிறேன் என்று நினைக்காதே. போகலாமா கூடாதா என்று பார்க்க வேண்டுமானால் சிலது தெரிய வேண்டும். என் நோட்டில் எழுதி வைத்ததை இங்கே படி எடுக்கிறேன். கழிப்பறை உட்காரும்படியானதா, குந்தும்படியானதா? அறையில் தொழ நின்றால் கிப்லா எந்தப் பக்கம்? அந்தப் பக்கம் சுவரில் படம், சிலை ஏதாவது உண்டா? காலையில் சூரியனைக் கும்பிடச் சொல்கிறார்களாமே, அது கட்டாயமா? வாயால் ஏதாவது சொல்லச் சொல்கிறார்களா, அதற்கு என்ன அர்த்தம்? ஆண்களும் ஒரே கூடத்தில் புரள்கிறார்களா? என் வயதுக்காரி யாராவது அங்கே போய்க் குணமாகித் திரும்பியதைக் கண்ணால் பார்த்தவர் உண்டா? டீச்சரம்மா கணக்கில்லை, அவளுக்கு நாற்பதுதான் இருக்கும்.

பதில் தெரியாததற்குத் தெரியாது என்று எழுது. ஊகித்து எழுதாதே.

புருல்கான்

*

பாலிக்சி, மார்ச் 19

அண்ணிக்கு,

கடிதத்தைத் திறந்ததும் முதல் வரியிலேயே நின்றுவிட்டேன். நீங்கள் எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்தபோது எனக்குப் பதினேழு வயது. புருஷன் வீட்டார் பேரைச் சொல்லக்கூடாது என்று எனக்கு "சின்னப்பொண்ணு" என்று பேர் வைத்தீர்கள். முப்பத்துநாலு வருஷம் அதுதான் என் பேர். என் கல்யாணத்தில், என் விவாகரத்தில், அண்ணன் சாவில் எல்லாம் அதுதான். இப்போதுதான் முதல் தடவையாக என் சொந்தப் பேரை எழுதியிருக்கிறீர்கள். வரி வாங்கும் ஆபீசிலிருந்து வந்த கடிதம் மாதிரி இருந்தது.

சரி. வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை துனுக்குக்குப் போனேன், உங்கள் கேள்விகளைக் கையில் எடுத்துக்கொண்டு. கழிப்பறை உட்காரும்படியானது, நானே உட்கார்ந்து பார்த்தேன், பிடித்துக்கொள்ளக் கம்பியும் இருக்கிறது. கிப்லா, ஏரிக்கு முதுகு காட்டி நின்றால் மலைக்கும் பாலிக்சி ரோட்டுக்கும் நடுவில் வருகிறது. அறைச் சுவர் வெறும் சுண்ணாம்பு. பெரிய கூடத்து ஜன்னல் திட்டில் ஒரு பித்தளைச் சிலை இருந்தது. "எங்க அண்ணி இதைப் பார்த்தா வாசலோட திரும்பிடுவாங்க" என்றேன். லரீசா அதை எடுத்து, தேநீர் அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிட்டாள். அவ்வளவு சுலபமாக.

லரீசா ரஷ்யப் பெண்தான், ஆனால் இதே ஏரிக்கரைத் தாம்காவில் பிறந்தவள். கிர்கிஸ் பேச்சு உங்களையும் என்னையும்விட அவளுக்கு நன்றாக வருகிறது. சூரியக் கும்பிடு பற்றிக் கேட்டதற்கு, "அது முதுகுக்குப் பயிற்சி அக்கா. அம்மா அந்த நேரத்துல அவங்க தொழுகையைத் தொழட்டும், முடிச்சிட்டு வரட்டும்" என்றாள். வாயால் ஒரு நீண்ட முனகல் மாதிரி சொல்கிறார்கள். அர்த்தம் கேட்டேன், அவள் சொன்னாள், எனக்குப் புரியவில்லை. தெரியாது என்று எழுதுகிறேன். சொல்லாமல் இருக்கலாம் என்றாள்.

ஆண்கள் இருக்கிறார்கள், மூன்று பேர். அல்மாத்தியிலிருந்து வந்த ஒரு குண்டு ஆள் வாதுமை மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான். பைத்தியம் என்று நினைத்து நான் சுற்றிப் போனேன். இடுப்பு வலிக்காகவாம், வேறொன்றுமில்லையாம். சாப்பாட்டில் இறைச்சி கிடையாது. பூசணிக்காய், கோதுமைக் கஞ்சி, பூசணிக்காய். இதை மறைக்காமல் எழுதுகிறேன், பிறகு என்னைத் திட்டக்கூடாது.

உங்கள் வயதுக்காரியைப் பார்த்தேன். அறுபத்தொரு வயது, தபால் நிலையத்தில் வேலை பார்த்தவள். "குணமாச்சா?" என்றேன். "குணமாகலை. ஆனா என் காலை நான் மறுபடி நம்புறேன்" என்றாள். கேட்டதைக் கேட்டபடி எழுதிவிட்டேன்.

எனக்கு லீவு கிடைக்காது. நீங்கள் தனியாகத்தான் போக வேண்டும்.

சைராகுல் (வேறென்ன எழுதுவது)

*

கோச்கோர், ஏப்ரல் 2

சைராகுலுக்கு,

நீ போய்ப் பார்த்து எழுதியது ஒழுங்காக இருந்தது. தெரியாததைத் தெரியாது என்று எழுதினாய். அதற்காக நன்றி.

பள்ளிவாசல் மோல்தோ வீட்டுக்குப் போய், மார்க்கப்படி இது ஆகுமா என்று கேட்டேன். அவர் தாடியைத் தடவி யோசிப்பதற்குள் அவர் மனைவி முந்திக்கொண்டாள்: "வைத்தியத்துக்குன்னா போகலாம். டாக்டர் சிலுவை போட்டிருந்தா ஊசி போட்டுக்கமாட்டோமா?" மோல்தோ, "நான் சொல்ல வந்ததும் அதுதான்" என்றார். வணக்கம் அல்லாவுக்கு மட்டும், பயிற்சி காலுக்கு மட்டும் என்று பிரித்து வைத்துக்கொள்ளச் சொன்னார்.

ஊருக்குள் செய்தி பரவிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரி, "இந்தியப் படத்துல வர்ற மாதிரி மரத்தைச் சுத்தி ஆடச் சொல்வாங்களாம்ல?" என்று கேட்டாள். குண்டு ஆளைப் பற்றி நீ எழுதியது ஞாபகம் வந்து சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். மக்சத் வேறு, "அக்கா, போன்னு ஒண்ணு கண்டுபிடிச்சிருக்காங்க, உங்க ரெண்டு பேருக்கும் யாரும் சொல்லலையா?" என்கிறான். போனில் நீ குறுக்கே பேசுவாய். காகிதத்தில் முடியாது. அதைச் சொன்னேன்.

நீ வராதது நல்லதுதான். நான் விழுந்தால் அதைப் பார்க்க எனக்குத் தெரிந்தவர்கள் யாரும் இருக்கமாட்டார்கள்.

ஏப்ரல் 15 அன்று போகிறேன். காய்ந்த இறைச்சி கொஞ்சம் துணியில் சுற்றி எடுத்துப்போகிறேன். அதை அவர்களிடம் சொல்ல வேண்டியதில்லை.

புருல்கான்

*

துனுக், ஏப்ரல் 16

சைராகுல்,

இங்கே சமைக்கும் பெண்ணின் புருஷன் நாளை பாலிக்சி வருகிறான், அவன் கையில் இது வரும். யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும். உன்னைத் தவிர வேறு யாரிடம் சொல்வது? படித்ததும் அடுப்பில் போடு.

நேற்று மாலை வந்து சேர்ந்தேன். வண்டியில் நான்கு மணி நேரம், கால் இரண்டும் கல். வந்ததும் வகுப்பு. எனக்குச் சுவரோரமாக நாற்காலி போட்டார்கள். மற்றவர்கள் பாயில் வளைந்தார்கள், நெளிந்தார்கள். கூடம் கதகதப்பாக இருந்தது. கண் அசந்துவிட்டேன்.

விழித்துப் பார்த்தால், திரையெல்லாம் மூடியிருக்கிறது. வரிசையாகப் பன்னிரண்டு பேர். மல்லாந்து, கை விரித்து, வாய் திறந்து, கழுத்துவரை வெள்ளைப் போர்வை. ஒரு சத்தம் இல்லை.

உனக்குத் தெரியும், நம் ஊரில் பெண் மையித்து எதுவானாலும் அடக்கத்துக்கு முன் குளிப்பாட்டக் கூப்பிடுவது என்னைத்தான். இதுவரை இருபத்தாறு பேர். எனக்கு எங்கே இருக்கிறேன் என்பதே மறந்துவிட்டது. புத்திக்கு முன்னால் கை போய்விட்டது. எழுந்து, கடைசியில் கிடந்த பெண்ணிடம் போய், தாடையைப் பிடித்து வாயை மூடினேன். கையை உடம்போடு சேர்த்து வைத்தேன். தலையைப் பதமாகக் கிப்லாப் பக்கம் திருப்பினேன். ஓத வேண்டியதை வாய்க்குள் ஓதினேன். அடுத்தவளுக்கும் அதே. மூன்றாவது பெண்ணின் நெற்றியைத் தடவி விட்டபோது அது சூடாக இருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் உயிர் போய் வந்தது.

அவள் கண்ணைத் திறக்காமலே சொல்கிறாள்: "ஐயோ, சுகமா இருக்கு. இன்னும் கொஞ்சம் பண்ணுங்க."

பிறகுதான் தெரிந்தது, இவர்கள் கடைசிப் பாடமே இதுதானாம். பிணம் மாதிரிப் படுத்துக் கிடப்பது. நல்ல பாடம்! அதற்குக் கூலி வேறு கொடுக்கிறார்கள்.

இன்று காலையில் மூன்று பெண்களும் லரீசாவிடம் போய், அந்த அம்மா மாலையிலும் வந்து கை வைத்துவிடுவார்களா என்று கேட்டிருக்கிறார்கள். நீ பார்த்த குண்டு ஆள் மறுபடி வந்திருக்கிறான், அவனும் கேட்டானாம். "ஆம்பிளைக்குக் கை வைக்கமாட்டேன், உயிரோட இருந்தாலும் சரி" என்று சொல்லி அனுப்பினேன்.

லரீசா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அம்மா, இந்தக் கை எங்க பழகிச்சு?" என்று கேட்டாள். பொய் சொல்லவில்லை. சொல்லிவிட்டேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு தேநீர் அலமாரிக்குப் பின்னால் போய், கண்ணீர் வரச் சிரித்துவிட்டு வந்தாள். வந்தவள் திடீரென்று சிரிப்பை நிறுத்திக் கேட்டாள்: "முழங்கால் மடங்காதுங்கறீங்க. அப்புறம் எப்படிக் குனிஞ்சு குளிப்பாட்டுவீங்க?"

"எதுக்குக் குனியணும்? கதவுப் பலகையை ரெண்டு பெட்டி மேல வச்சு, மையித்தைத்தான் என் உயரத்துக்குத் தூக்கி வச்சுக்குவேன்."

அவள் என்னையே பார்த்தாள். "செத்தவங்களுக்காகப் பலகையை உயர்த்தறீங்க. உங்களுக்காகத் தரையை உயர்த்தினா என்ன?" என்றாள்.

நாளைக் காலை பார்க்கலாம் என்றிருக்கிறாள்.

அடுப்பில் போட்டுவிடு.

*

பாலிக்சி, ஏப்ரல் 19

அண்ணி,

அடுப்பில் போடமாட்டேன். சாகும்வரை வைத்திருப்பேன். அப்போது நீங்கள்தான் என்னைக் குளிப்பாட்ட வேண்டும், தாடையைக் கொஞ்சம் மெதுவாகப் பிடியுங்கள். மருந்து அறையில் நின்று படித்துச் சிரித்ததில், தலைமை நர்ஸ் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று தண்ணீர் கொண்டுவந்தாள்.

ஆனால் இன்று காலை மக்சத் ஒன்று சொன்னான், சிரிப்பு நின்றுவிட்டது. "உங்க அண்ணி மூணாம் நாளே திரும்பிட்டாங்களே, முந்தாநாள் நான்தான் ஊர்ல இறக்கி விட்டேன்" என்கிறான். முகம் எப்படி இருந்தது என்று கேட்டால், "ஜன்னல் பக்கமே பார்த்துக்கிட்டு வந்தாங்க" என்கிறான். இது ஒரு பதிலா?

விழுந்துவிட்டீர்களா? யாராவது ஏதாவது சொல்லிவிட்டார்களா? அந்த லரீசா என்ன செய்தாள்? நான்தான் போகச் சொன்னேன், நான்தான் பார்த்து எழுதினேன். போன் எடுக்காவிட்டால் போகட்டும். இரண்டு வரி எழுதி மக்சத்திடம் கொடுங்கள். விழவில்லை என்று மட்டும் எழுதினால் போதும்.

சைராகுல்

*

கோச்கோர், ஏப்ரல் 22

விழவில்லை.

இதை முதலில் எழுதிவிட்டேன், இனி நிதானமாகப் படி.

மூன்றாம் நாள் காலை லரீசா தலையணைகளையும் சுருட்டிய போர்வைகளையும் என் முன்னால் அடுக்கினாள். முழங்கால் மடிப்புக்குப் பின்னால் ஒரு போர்வைச் சுருளைக் கொடுத்து, "முழுக்க மடங்க வேண்டாம், இந்த அளவுக்கு மடங்கினா போதும்" என்றாள். இரண்டு கையையும் ஊன்றி, மெல்ல மெல்லக் குனிந்தேன். அடுக்கு என் இடுப்புக்குக் கொஞ்சம் கீழே இருந்தது. நெற்றி தொட்டது.

தொட்டது, ஆனால் அமுங்கிக்கொண்டே போனது. பஞ்சு. தொழுகைக்கு ஆகாது. நெற்றி வைத்த இடம் தாங்க வேண்டும், சேற்றில் புதைவது போலப் போகக்கூடாது. அதை லரீசாவிடம் சொன்னேன். "கெட்டியா என்ன வேணும்?" என்றாள். "கம்பளி விரிப்பு மாதிரி" என்றேன். "உங்களுக்கு எந்த ஊர்னு சொன்னீங்க?" என்றாள். "கோச்கோர்" என்றேன்.

"கோச்கோரா! வீட்டுக்கு வீடு விரிப்பு தைக்கிற ஊர்லேர்ந்து வந்து என் பஞ்சுத் தலையணையில தலையை வைக்கிறீங்களே. கிளம்புங்கம்மா. உங்களுக்கு வேண்டியது உங்க வீட்லதான் இருக்கு" என்று அவளே என் பையைத் தூக்கி வண்டியில் வைத்தாள். மீதி இரண்டு நாள் பணத்தைத் திருப்பிக் கொடுத்தாள். அது உன் பணம், இதற்குள் வைத்திருக்கிறேன். நான் கிளம்பும்போது அந்தத் தபால்காரி, நீ பார்த்தவளேதான், மறுபடி வந்திருந்தவள், எனக்குக் கை அசைத்தாள்.

மக்சத்திடம் சொல், ஜன்னல் பக்கம் பார்த்தது அழுவதை அவன் பார்த்துவிடக் கூடாது என்றுதான்.

வந்த அன்றே பெட்டிமேல் அடுக்கியிருந்த விரிப்புகளை இறக்கினேன். நாலாக மடித்தால் ஒவ்வொன்றும் மூன்று விரல் கனம். ஒன்பது அடுக்கினேன். நெற்றியை வைத்தேன். தாங்கியது. பெட்டியைப் பிடித்துக்கொண்டு நானே எழுந்தேன்.

மோல்தோவிடம் கேட்டேன். "பன்னிரண்டு விரல், அதாவது ஒரு சாண் உயரம் வரைக்கும் அது சஜ்தாதான். அதுக்கு மேலன்னா தலையால சைகை பண்ற கணக்குத்தான்" என்றார். என்னுடையது இருபத்தேழு விரல். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இறக்கிக்கிட்டே வாங்க. அவன் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கான்" என்றார். ஒன்பதை நான்காக்க வேண்டும். நோன்புக்கு இன்னும் இருபத்துநாலு நாள் இருக்கிறது. தினமும் காலையில் லரீசா சொல்லிக்கொடுத்த ஐந்து அசைவுகள். நோட்டில் எழுதி வருகிறேன்.

அந்த இடம் போகத் தகுந்ததா என்று யாராவது கேட்டால் என் பதில் இது. போகலாம். ஒரு தடவை. சாப்பாடு சரியில்லை.

புருல்கான்

*

பாலிக்சி, மே 5

அண்ணி,

விழவில்லை என்ற வரியைப் படித்தபின் கொஞ்ச நேரம் மற்றதைப் படிக்கவில்லை. அந்த ஒரு வரியையே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இப்போது அக்டோபரைப் பற்றி எழுத வருகிறது. அன்றைக்கு நீங்கள் நாற்காலியை இழுத்தபோது, அது தரையில் உரசிய சத்தம், அண்ணன் படுக்கையில் விழுவதற்கு முன்னால் அவர் நாற்காலியை இழுத்துக்கொண்டே நடந்த சத்தம் மாதிரி இருந்தது. அடுத்தது நீங்கள் என்று எனக்குப் பட்டது. அம்மா, அப்பா, அண்ணன், யாரும் இல்லை. அந்த வீட்டில் என்னைப் பேர் வைத்துக் கூப்பிட நீங்கள் ஒருத்திதான் மிச்சம். பயந்துபோனால் எனக்கு வாயில் கேலிதான் வரும், உங்களுக்குத் தெரியும். சொன்னது தப்பு. ஒன்பது பேரைச் சிரிக்க வைத்தேன், பத்தாவதாக நான் சிரிக்கவில்லை. அதை உங்கள் கணக்கில் எழுதியிருக்கிறீர்களா?

மன்னித்துவிடுங்கள் அண்ணி.

இப்போது எத்தனையில் இருக்கிறீர்கள்?

*

கோச்கோர், மே 15

சின்னப்பொண்ணுக்கு,

உன் கடிதம் வந்தபோது ஆறில் இருந்தேன். பதிலை உடனே எழுதவில்லை. எழுதினால் உன் கடிதத்துக்கு மட்டும் பதில் சொன்னதாக ஆகும். சேர்த்துச் சொல்ல ஒன்று வேண்டியிருந்தது.

பத்தாம் தேதி ஐந்து. அதிலேயே மூன்று நாள் நின்றுவிட்டேன். இடது முழங்கால் வீங்கியது. வெந்நீர் வைத்தேன். அவசரப்படக்கூடாது என்று லரீசா சொல்லியிருந்தாள், அவசரப்பட்டேன். நேற்றுப் பகல் முழுக்க நாற்காலியிலேயே தொழுதேன். இந்த நோன்பும் இப்படித்தான் போகப்போகிறது என்று நினைத்தேன்.

இன்று பிற்பகல் அஸர் தொழுகைக்கு நாற்காலியைப் போட்டவள், உட்காராமல் நின்றேன். மேலிருந்து ஒரு விரிப்பை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். போர்வைச் சுருளைச் சரிசெய்து, கையை ஊன்றிக் குனிந்தேன். தொட்டது. நான்கு. எழுந்ததும் சாண் வைத்து அளந்தேன், கட்டைவிரலிலிருந்து சுண்டுவிரல் வரை. சரியாக இருந்தது. நம்பாமல் மறுபடி அளந்தேன்.

அடியில் இருப்பது, எங்களுக்குக் கல்யாணமான வருஷம் உன் அண்ணன் காலால் மிதித்து இறுக்கிக் கொடுத்த கம்பளியில் நான் தைத்த சிவப்பு விரிப்பு. அதை அடியிலேயே வைத்திருக்கிறேன். ஒருநாள் மற்ற மூன்றும் போய் அது மட்டும் இருக்குமோ என்னவோ. இல்லாவிட்டாலும் குறையில்லை. நான்கே எனக்குத் தரை.

பிறை தெரிந்துவிட்டது, நாளை முதல் நோன்பு. கடைசி வெள்ளிக்கிழமைக்கு லீவு கேட்டு வா. போனும் செய்யலாம். எடுப்பேன். குறுக்கே பேசாதே.

உன் கேள்விக்குப் பதில்: நீ சிரிக்கவில்லை என்பதை நான் அன்றைக்கு எழுதவில்லை. இன்று எழுதிவிட்டேன்.

மக்சத்தின் வண்டிக் கூரையில் ஒரு நாற்காலி கட்டி அனுப்பியிருக்கிறேன். எனக்கு இனி அது வேண்டியதில்லை. உன் சமையலறை நாற்காலிக்கு ஒரு கால் ஆடுகிறது, எனக்கு ஞாபகம் இருக்கிறது. இது ராணி உட்கார்ந்த நாற்காலி, கொஞ்சம் மரியாதையாக உட்கார். வண்டிக்காரனிடம் கூலியைப் பற்றிப் பேசாதே, கொடுத்தாகிவிட்டது.

உன் அண்ணி